சிவப்பு நூல்

"தையல்! ஷூ லேஸுக்குத் தையல்! என் ஸ்கூலையே ஏமாத்தப் பாத்திருக்கியேம்மா!"

தாளாளர் சடகோபன் மேஜையைத் தட்டினார். அதன்மேல் பெபியின் ஒற்றை ஷூ உட்கார்ந்திருந்தது. லேஸில் பூப்போல் ஒரு முடிச்சு. அது அவிழாதபடி குறுக்கே சிவப்பு நூலால் நாலு தையல்.

பெபியின் அம்மா லில்லி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறவள். வீட்டில் கருப்பு நூல் இல்லை. தறியில் மிஞ்சிய சிவப்புதான் கைக்குக் கிடைத்தது. டிரில் மாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏமாத்தலீங்க சார். பொண்ணுக்கு முடிச்சு போட வரல. லேஸ் அவுந்து அவுந்து தடுக்கி வுழுந்துகினே இருந்தா. தச்சி வுட்டா அப்படியே கால நொழச்சிக்குவான்னு..."

"மூணாங்கிளாஸ் பொண்ணுக்கு முடிச்சு வரலையா? சோம்பேறித்தனம்!"

"சோம்பேறி இல்லீங்க. டாக்டரம்மா பாத்துச் சொன்னாங்க. புத்தியெல்லாம் நல்லா கீதாம், கைதான் சொன்ன பேச்சை சட்டுனு கேக்காதாம். நூறு பசங்கள்ல அஞ்சாறு பேருக்கு இருக்குதாம் சார். கிளாசுக்கு ஒண்ணு ரெண்டாவது இருக்குமாம்."

"என் ஸ்கூல்ல ஒண்ணுகூடக் கிடையாது! வந்தா உடனே டி.சி. குடுத்துடுவேன். அப்புறம் எப்படி இருக்கும்?"

திருத்தணியில் சடகோபனின் தோரணை பிரசித்தம். சுதந்திர தினத்தன்று கொடிக்கயிற்றைப் பியூன் கிருஷ்ணன்தான் இழுப்பார். இவர் சல்யூட் மட்டும் வைப்பார். காபியை ஆற்றிக் கொடுப்பதும் கிருஷ்ணன்தான். கையெழுத்து போடும் இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதும் அவரேதான். கைக்கு வேலை வைக்காதவரே பெரிய மனிதர் என்று ஊரில் நாலு பேர் இவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

"கிருஷ்ணா, அந்தத் தையலை வெட்டு. டி.சி.யையும் எடுத்து வை. நீ ஸ்டாம்ப்புல மை தடவி முடிக்கிறதுக்குள்ள இந்தப் பொண்ணு லேஸைக் கட்டிட்டா, இங்கேயே படிக்கட்டும். இல்லன்னா குத்திடு."

கிருஷ்ணன் கத்தரியால் நூலை வெட்டினார். ஸ்டாம்ப்பை எடுத்து மிக மெதுவாக மையில் ஒற்றத் தொடங்கினார்.

ஷூவை மாட்டிக்கொண்டு பெபி தரையில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோயில் பஸ் ஹாரன் அடித்தபடி ஏறிக்கொண்டிருந்தது.

முதல் வளையம் வந்தது. நின்றது. முந்தானைக்குள் லில்லியின் விரல்களும் காற்றில் முடிச்சுப் போட்டன. 'ஏசப்பா, ஒரே ஒரு முடிச்சு.'

இரண்டாவது வளையத்தில் பெபியின் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எல்லாம் அவிழ்ந்து விழுந்தது.

"பாத்தியா? நான் சொல்லல?"

"சார், சார்! ஒரேவாட்டி கட்டிக் காட்டுங்க சார். பாத்துக் கட்டிடுவா."

"நான் கட்டிக் காட்டணுமா? இந்தா, இதைப் பாத்துக் கட்டச் சொல்லு!" சுழல் நாற்காலியில் திரும்பி, பளபளவென்ற ஷூவைப் பெபியின் மூக்குக்கு நேராக நீட்டினார் சடகோபன். "முடிச்சுன்னா இப்படி இருக்கணும். முப்பது வருஷமா ஒருநாள் அவுந்தது கிடையாது!"

பெபி குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். லேஸின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு நுனியைப் பலமாக இழுத்தாள். அதுவும் வரவில்லை.

"ஏய், கையை எடு!" சடகோபன் காலை இழுத்துக்கொண்டார்.

கிருஷ்ணன் ஸ்டாம்ப்பை டிராயருக்குள் வைத்து மூடினார்.

பெபி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் கருப்பு நூல்லயே தச்சிருக்கலாம்லமா? சாருதப் பாரேன், தச்சதே தெரியல!"