கதவோரப் பை

விசில் சத்தம் வீட்டையே பிளந்தது. பாதி மழித்த முகமும் சோப்பு நுரையுமாக அவர் குளியலறையிலிருந்து ஓடிவந்தார்.

"எங்க? நெருப்பா? கேஸா?"

வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய மனைவி நின்றிருந்தாள். காலில் ஷூ, தோளில் பை, வாயில் விசில்.

"கேள்வி கேக்கக் கூடாது," என்றாள் விசிலை எடுத்துவிட்டு. "நீங்க போட்ட சட்டம்தான்."

அவ்வளவுதான். விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அவருக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. புரிந்ததும் நுரைக்கு நடுவே சிரிப்பு வந்தது. ஆபத்து வந்தால் தப்பி ஓடுவதற்கான ஒத்திகை! இத்தனை வருஷமாக அவர்தான் ஊதுவார். அவள் அடுப்பை அணைத்து, சீப்பைத் தேடி, ஆடி அசைந்து கடைசியில் வந்து சேர்வாள். இன்றைக்கு அவளே ஊதியிருக்கிறாள். ஒருவழியாகக் கல்லிலே நார் உரித்தாயிற்று.

இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடுவது அவர் வேலை. எரிந்த கடை, மூழ்கிய வீடு, கூரை பறந்த கிடங்கு என்று அடுத்தவர் நஷ்டத்தைப் பார்த்துப் பார்த்து, நம் வீட்டுக்கு எப்போது என்ற கேள்வி அவருக்குள் குடியேறிவிட்டது. ஒருநாள் உலகமே சரியும், கடைகள் மூடும், குழாய் வற்றும், மனுஷனை மனுஷன் அடித்துக்கொள்வான். அன்றைக்குத் தன் வீடு மட்டுமாவது நிற்க வேண்டும். தெருவில் அவருக்குப் 'பிரளயம்' என்றே பெயர்.

கூடம் முழுக்கத் தண்ணீர் கேன்கள். கட்டில் இருந்த இடத்தில் மாவு மூட்டைகள். படுக்கையறை ஜன்னலைப் பலகை வைத்து அடித்ததோடு வெளிச்சமும் போயிற்று. விருந்தாளிகள் வரக் கூடாது. வந்தவன் சரக்கைப் பார்ப்பான், பார்த்தவன் பஞ்சத்தில் முதல் ஆளாய் வந்து கதவைத் தட்டுவான்.

போன வாரம், தன் அக்கா இரண்டு நாள் வந்து தங்கிவிட்டுப் போகட்டுமா என்று அவள் கேட்டாள்.

"எங்க படுப்பாங்க உங்கக்கா? மாவு மூட்டை மேலயா?"

"ஜன்னல் பலகையை மட்டுமாவது எடுங்களேன். எனக்கு மூச்சு முட்டுது."

"ஊரே அடிச்சுக்கிட்டு ஓடும்போது நீ நிம்மதியா உக்காந்திருப்ப. அப்ப தெரியும் என் அருமை."

அன்று முழுக்க அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கேனுக்குள் தண்ணீர் அசைவதுகூடக் கேட்கிற அமைதி. மௌனம் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கதவின் உட்புறம் அவரே பெயின்டில் எழுதிய மூன்று வரிகள் இருந்தன. கேள்வி கேட்காதே. யாருக்காகவும் காத்திருக்காதே. திரும்பிப் பார்க்காதே. முகத்தைத் துண்டால் துடைத்து, கதவோரம் எப்போதும் தயாராக இருக்கும் தன் பையை மாட்டிக்கொண்டு அவரும் கீழே ஓடினார்.

கீழ் வீட்டு டெய்லர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன சார், இன்னிக்குத் தண்ணியா, நெருப்பா?"

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணிக்கு எங்கிட்டதான் வந்து நிப்பீங்க."

"உங்ககிட்ட எதுக்கு சார் வரேன்? அண்ணிகிட்ட கேட்டா குடுத்துட்டுப் போறாங்க."

தெருமுனை விளக்குக் கம்பம்தான் கூடுமிடம். அவள் அங்கே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"சபாஷ்! எனக்காக நிக்கவே இல்ல பாரு, அதுதான் வேணும். திரும்பிப் பாத்தியா?"

"இல்லை."

"அப்படிப் போடு!"

பையை வாங்கித் தன் கொக்கித் தராசில் மாட்டினார். இருவர் துணி, இருவர் மருந்து, இருவர் சாப்பாடு என்று எப்போதும் பிதுங்கி வழிகிற பை அது. இன்று முள் பாதியிலேயே நின்றுவிட்டது.

"பாதி எடைதான்! இதைத்தானே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், வேண்டாததை விட்டுட்டு வரணும்னு!"

"விட்டுட்டேங்க," என்றாள் அவள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல, "உங்க பிரஷர் மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. ராத்திரி சாப்பிட்டதும் போடணும்."

"பாத்தியா, இங்கதான் கோட்டை விட்டுட்ட! மாத்திரை பையிலதானே இருக்கணும்? இதுக்கு மட்டும் மார்க்கைக் குறைச்சுக்கிறேன்."

வாடகைக் கார் ஒன்று வந்து கம்பத்தை ஒட்டி நின்றது. ஓட்டுநர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அட, வண்டிக்குக்கூடச் சொல்லி வெச்சிருக்கியா! இது எனக்கே தோணல. குறைச்ச மார்க்கைத் திருப்பிக் குடுத்துட்டேன், போ."

அவள் விசிலை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மடக்கி மூடினாள். பையை வாங்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. "சரி, போதும், இறங்கு. சூடா ஒரு டீ போடு. உங்கக்காவை வேணும்னா வரச் சொல்லு. ஒரு நாள்தான், ஆமா!"

அவள் கார்க் கண்ணாடியை முழுவதும் இறக்கினாள். அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"இது ஒத்திகை இல்லைங்க."