கண்ணை மூடாதவள்

"எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டு, விஜி மட்டும் அரைக்கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

அது அவள் வழக்கம். யார் அழுகிறார்கள் என்று பார்த்துக் குரலை ஏற்ற வேண்டுமே. அவள் மைக்கைப் பிடித்து உருகினால், ஸ்ரீராம்புரத்து அந்த மாடிச் சபையில் கைக்குட்டையை எடுக்காத ஆள் கிடையாது.

இன்று மூன்றாவது வரிசையில் ஒருத்தி கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு மமதா. மாரியம்மன் கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவள். பூவும் பொட்டுமாக, தலையில் முக்காடு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் காற்றில் எல்லாருடைய முந்தானையும் பறந்தது. அவளுடையது அசையவில்லை.

போன வாரம் ஆபரேஷனுக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறப்போனவள், திரும்பி வந்து விஜியின் கையைப் பிடித்தாள்.

"பயமா இருக்குதுக்கா. நீங்க கேட்டா உங்க சாமி குடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்கக்கா."

கண்டிப்பாகச் செய்வதாக விஜி சொன்னாள். சொன்ன வாய் காய்வதற்குள் மறந்தும் போனாள்.

பிழைத்து வந்திருக்கிறாள். அதுவும் சபைக்கே வந்திருக்கிறாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். விஜிக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது.

"ஆண்டவரே, ராமுழுக்க முழங்காலில் நின்று கண்ணீரோடு மமதாவுக்காகக் கேட்டேனே. அடிமையின் ஜெபத்தைக் கேட்டீரே. சுகமாக்கிக் கொண்டுவந்தீரே, ஸ்தோத்திரம்."

ஆமென் வருமுன் ஒரு விம்மல் கேட்டது.

வாசலில் மமதாவின் கணவன் நாகேஷ் நின்றிருந்தான். அழுது வீங்கிய முகம்.

"இன்னாக்கா சொல்றீங்க? மமதா விடிகாலைல போய்ட்டாக்கா. கடைசி வரைக்கும், அக்கா ஜெபம் பண்றாங்க, எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கினே இருந்தா. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

எல்லாக் கண்களும் திறந்தன. எல்லாம் விஜியைத்தான் பார்த்தன. மூன்றாவது வரிசையை யாரும் பார்க்கவில்லை.

மமதா அங்கேயேதான் இருந்தாள்.

விஜி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். ஸ்பீக்கரில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

மமதா அக்கம்பக்கம் பார்த்தாள். மற்றப் பெண்களைப் போலவே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கண்ணை மூடிக் காத்திருந்தாள்.