பூச்சிக்கு ஒரு கரண்டி

"அக்கா, இந்த டப்பாவுல இருந்து யாரு எடுத்தா?"

சுமலதாவின் குரலில் இருந்த சூட்டுக்கு, குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த தெய்வம்மா திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. குழாயை மட்டும் மூடினாள்.

"சக்சினேட் பவுடர் அக்கா. போன மாசம்தான் புது டப்பா பிரிச்சேன். நான் எடுத்தது அஞ்சாறு கரண்டி இருக்கும். இப்பப் பாதிகூட இல்லை. மிச்சம் எங்க போச்சு?"

தெய்வம்மா கழுவிய குடுவையைக் கவிழ்த்து வைத்தாள்.

குன்னூரில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் சுமலதாவுக்கு இது நாலாவது வருஷம். தேயிலை துளிர்விடும்போது இலையிலிருந்து துளித்துளியாக மெத்தனால் கசியும். லேபில் எல்லாரும் அதை ஸ்பிரிட் என்பார்கள். மனுஷன் குடித்தால் உயிரை எடுத்துவிடும். ஆனால் இலைமேல் குடியிருக்கும் இளஞ்சிவப்பு பாக்டீரியா ஒன்று, லேபில் எல்லாருக்கும் அது 'பூச்சி', அதைத் தின்றே பிழைக்கிறது. ஸ்பிரிட்டைச் செரிக்கிற என்சைமை அது எப்போது உண்டாக்குகிறது, எப்போது நிறுத்துகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எட்டு மாதமாகத்தான் இந்தச் சனியன். ஸ்பிரிட் ஊற்றிய குடுவைகளில் என்சைம் பேருக்குக்கூட வரவில்லை. சுமலதா தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். புது பாக்டீரியா, புது ஸ்பிரிட், கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து மெஷினையும் பிரித்துப் பார்த்தாயிற்று. எதற்கும் மசியவில்லை. உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது. "போதும்மா, இந்தத் தலைப்பை விட்டுடு" என்று அவளுடைய கைடு செந்தில்நாதன் சார் காலையில்தான் சொல்லியிருந்தார். நாலு வருஷ உழைப்பு ஒரே வரியில் முடிந்துவிட்டது.

"அக்கா, உங்களைத்தான் கேக்கிறேன்."

"நாந்தானுங்க அம்மிணி எடுத்தேன்" என்றாள் தெய்வம்மா. "உப்புத்தண்ணி கலக்கறப்ப, ஸ்பிரிட் ஊத்தற குடுவைக்கெல்லாம் ஒரு கரண்டி போட்டுருவேனுங்க."

"எத்தனை நாளா?"

"பையன் காரியம் முடிஞ்சு வந்ததுல இருந்துங்க."

எட்டு மாதம். சுமலதா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். பாக்டீரியாவை வளர்க்கிற உப்புக்கரைசல் தயாரிப்பது தெய்வம்மாவின் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையில் ஒரு கிராம்கூடக் கூடியதில்லை, குறைந்ததில்லை என்று சாரே சொல்லுவார். அதனாலேயே அந்தப் பக்கம் சந்தேகம் போகவில்லை.

"ஏன்க்கா? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. அதுகளும் உசுருதானுங்களே. வெறும் ஸ்பிரிட்டை ஊத்தி விடறோம். பாவமா இருந்துச்சுங்க."

"பாவமா!"

அதற்கு மேல் சுமலதாவுக்கு அடக்க முடியவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். "நமக்குத்தான் அது விஷம். அதுக்கு அதுதான் சோறு! பன்னெண்டு வருஷம் லேப்ல இருந்து இதுகூடத் தெரியலையா? தெரியாதவங்க தெரியாத மாதிரி இருக்கணும். என் வாழ்க்கையே போச்சுக்கா!" சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னைவிட இருபது வயது மூத்தவளை இப்படிப் பேசுகிறோமே என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

தெய்வம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"தெரிஞ்சுதானுங்க போட்டேன்."

"என்ன தெரியும் உங்களுக்கு?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க."

சுமலதாவுக்கு ஞாபகம் வந்தது. தெய்வம்மாவின் ஒரே மகன் சுரேந்திரன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான் என்று சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கட்டபெட்டு பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வந்து, பித்துப் பிடித்தவள் போல உட்கார்ந்திருந்தாள். அவள் மனதைக் கொஞ்சம் திருப்பலாமே என்றுதான் சுமலதா இரண்டு குடுவைகளைக் காட்டிக் கதை மாதிரி சொன்னாள். 'இதுல வெறும் ஸ்பிரிட். இதுல ஸ்பிரிட்டோட சக்சினேட்டும் இருக்கு. நல்ல சாப்பாடு பக்கத்துல இருந்தா இந்தப் பூச்சி ஸ்பிரிட்டுக்கான என்சைமையே உண்டாக்காது. ஸ்பிரிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதுக்கா.' அன்றைக்கு அந்த இரண்டாவது குடுவை முன்னால் தெய்வம்மா வெகுநேரம் நின்றிருந்தாள்.

"அதுக ஸ்பிரிட்டைத் தொடாம இருந்தாச் சரின்னு நெனச்சேனுங்க. உங்க படிப்பு கெட்டுப்போகும்னு சத்தியமாத் தெரியாதுங்க" என்றாள் தெய்வம்மா.

சுமலதாவின் கோபம் எங்கோ போய்விட்டது. "சரி விடுங்கக்கா. பூச்சிக்குப் போய் யாராவது இவ்வளவு பார்ப்பாங்களா?" என்றாள்.

"காமாலைன்னு ஊருக்குச் சொன்னதுங்க அம்மிணி" என்றாள் தெய்வம்மா. "அன்னைக்கு அவங்கூடச் சண்டை போட்டுட்டு, சோறாக்காமப் படுத்துட்டேனுங்க. ஊட்டுக்கு வந்து சட்டியத் தொறந்து பாத்துட்டு, கதவுக்குப் பாலிஷ் போடற ஸ்பிரிட்டைக் குடிச்சுட்டான். நீங்க படிச்சவுங்க, சொல்லுங்க... ஒரு வா சோறு இருந்திருந்தா, எம் பையனும் அதைத் தொட்டிருக்க மாட்டானுங்கல்ல?"