பக்கத்துக் கட்டில் ரேடியோ

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்ததும் டிரைவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். 'அப்பாடா, இன்னைக்காவது காது பிழைச்சது' என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்து, ஊசிக்காகக் கையை நீட்டினார்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். சிறுநீரகம் இரண்டும் கையை விரித்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் இந்த டயாலிசிஸ் வார்டுக்கு வர வேண்டியதாகிவிட்டது. உடம்பிலுள்ள ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும்வரை, பாதி நாள் கையை அசைக்காமல் கிடக்க வேண்டும்.

ஊரையே சுற்றிவந்த ஆளைக் கட்டிலில் கட்டிப்போட்டதில் மனசு விட்டுப்போயிற்று. சோறு பிடிக்கவில்லை, பேச்சு பிடிக்கவில்லை, பொழுது விடிவதே பிடிக்கவில்லை. 'இது மனச்சோர்வு' என்று டாக்டர் அதற்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது அட்டை பிரிக்கப்படாமல் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

இந்த லட்சணத்தில் பக்கத்துக் கட்டிலில் அப்படி ஒரு ஆள்! வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. 'ரேடியோ' என்று பெயர் வைத்ததே டிரைவர்தான்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட என் கையை இவ்வளவு நேரம் யாரும் பிடிச்சதில்லைண்ணே" என்பார் ரேடியோ, நர்ஸ் அவர் கையில் ஊசிக்கு இடம் தேடும்போது.

"வாயை மூடுய்யா! ரத்தத்தைச் சுத்தம் பண்ண மெஷின் கண்டுபிடிச்சவன், உன் வாய்க்கு ஒண்ணு கண்டுபிடிக்காம விட்டுட்டானே!" என்று டிரைவர் எரிந்து விழுவார். அதற்கும் அந்த ஆள் கட்டில் குலுங்கச் சிரிப்பார்.

"நீங்க இந்த ஷிஃப்டுக்கு வர்றதுக்கு முன்னாடி இந்த மூலையில ஒரு சத்தம் இருக்காது" என்று நர்ஸ்கூட ஒருமுறை சொன்னாள். 'கத்துறது அவன், பழி எனக்கா?' என்று டிரைவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

போன தடவை, ரேடியோ ஏதோ ஜோக்கை ஆரம்பித்தபோது டிரைவர் பட்டென்று போட்டு உடைத்தார். "அடுத்த தடவை இதையெல்லாம் வேற யாருகிட்டயாவது சொல்லு. நான் வரலை. போதும்யா, செத்தா செத்துட்டுப் போறேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முடிவே பண்ணியிருந்தார்.

"சரிண்ணே" என்றதோடு ரேடியோ அடங்கிவிட்டார்.

ஆனால் இன்று காலையில் கால் வீங்கி, மூச்சு முட்டியது. மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டாள். மனசு வேண்டாம் என்றது. உடம்பு பயந்துபோய் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கிடைத்த நிம்மதி ஏனோ நிலைக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் டிரைவரின் தலை தானாகத் திரும்பியது. தண்ணீர் கேன்காரர் வந்தார், தரை துடைப்பவர் வந்தார். வரவேண்டிய ஆள் மட்டும் வரவில்லை.

காலிக் கட்டிலைப் பற்றி இந்த வார்டில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். பதில் பெரும்பாலும் என்னவாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். டிரைவருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கேட்டே விட்டார்.

"சிஸ்டர், இவன் எங்க? அந்த வாயாடி?"

"வரலை."

"வரலைன்னா? போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணினோம். எடுக்கலை." நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

டிரைவர் பதறி எழ முயன்றதில் கை மடங்கி, மெஷின் வீல் வீலென்று அலறியது. நர்ஸ் ஓடிவந்தாள். "கையை மடக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"திட்டுறதை அப்புறம் திட்டும்மா. என் போனை எடுத்துக் குடு!"

தினமும் ஜோக் அனுப்புவதற்காக ரேடியோ வலுக்கட்டாயமாகப் பதிந்துவைத்த நம்பர் அதில் இருந்தது. ஊசி குத்தாத கையால் தடுமாறி அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. 'எடுத்துத் தொலைடா' என்று மறுபடி அழுத்தினார்.

"அண்ணே..."

அந்தக் குரலில் உயிரே இல்லை. இருந்தாலும் ஆள் இருக்கிறான்! டிரைவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

"யோவ்! எங்கய்யா இருக்க?"

"வீட்டுலதாண்ணே."

"உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. படுத்திருக்கேன்."

"படுத்திருக்கியா? வராம இருந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

அந்தத் 'தெரியும்' டிரைவரை ஒரு உலுக்கு உலுக்கியது. அதே வார்த்தையை, அதே தொனியில், அவரே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் இவனா? ஊரையே சிரிக்கவைக்கிறவனா?

"ஒழுங்கு மரியாதையா ஆட்டோ பிடிச்சு வா. உன் கட்டிலை வேற யாருக்கும் குடுக்காம நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? நீங்க இப்ப எங்கண்ணே இருக்கீங்க?"

"எங்கேன்னா? என் கட்டில்லதான்யா! குழாயும் கையுமா, உன்னைக் காணோம்னு கிடந்து தவிக்கிறேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரல்.

"நீங்களே வரமாட்டேன்னுட்டீங்க... இனிமே நான் யாருக்காக வரணும்னுதாண்ணே படுத்துட்டேன்."