உள்ளே என்ன ரப்பர்?

"கார் இன்ஜினைக் கூடுதல் வேகத்துக்கு மாத்தியிருக்கோம். ஆயில் நல்லா கொதிக்கும். அந்தச் சூட்டைத் தாங்கற ஆயில் கூலர் ஹோஸ் வேணும்" என்றார் வந்தவர்.

உதிரிபாகக் கடைக்காரர் கம்பிவலை போர்த்திய ரப்பர் குழாய் ஒன்றை நீட்டினார். "அசல் கம்பெனி சரக்கு சார். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

வந்தவர் கண்ணை மூடவில்லை. வலையை நகத்தால் விலக்கி, உள் ரப்பரை மோந்து பார்த்தார்.

"டூப்ளிகேட். தண்ணிக்குழாய் ரப்பர். ஒரு மாசத்துல வெடிச்சிடும்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கம்பெனி சோதனைக்கு அனுப்பிய ஆளோ? இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் வந்தவர் ஒதுக்கித் தள்ளினார். மூன்றாவது ஹோஸ் பூட்டிய அலமாரியிலிருந்து வந்தது.

"ம், இதுதான் அசல். பில் போடுங்க."

"சார்... நீங்க கம்பெனி ஆபீசரா? சத்தியமா எனக்குத் தெரியாது சார். சப்ளை பண்றவன் ஏமாத்திட்டான்!"

"அட, பயப்படாதீங்க. நான் ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல." ஒதுக்கிய இரண்டையும் கடைக்காரர் பக்கமே நகர்த்தினார் வந்தவர். "இது ரெண்டும் என் பட்டறையில செஞ்சதுதான். தாராளமா வித்துக்குங்க. இந்தக் காரை ஓட்டப்போறது என் பொண்ணு, அதான்."