சுவரை ஒட்டிய கல்லறை

சிலுவைப் போரில் ஒரு காலைப் பறிகொடுத்துத் திரும்பிய வாரின், மனைவியைத் தேடி நகரத்துக் கோயிலுக்கு வந்தான். அவள் அங்கே போனாள் என்பது மட்டுமே அவன் கிராமத்தில் தெரிந்திருந்தது.

கோயில் சுவரோடு சேர்த்துக் கட்டிய பெண் துறவியின் அறைக்கு வாசல் இல்லை; ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதிலும் கறுப்புத் திரை. அதன்முன் உட்கார்ந்தான்.

“தாயே, ஹவீஸ்னு ஒருத்தி இங்க வந்தாளா?”

உள்ளே நீண்ட இருமல். பிறகு கரகரத்த குரல்.

“வந்தா. செத்துட்டா, ஐயா.”

“பொய்! யாரு பாத்தது?”

“பிஷப்பே வந்து சாவுப் பூசை வெச்சு, மண்ணள்ளிப் போட்டாரு. நான் அங்கதான் இருந்தேன்.”

“கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?”

“நீங்க உசுரோட திரும்பணும்னு சொன்னா.”

“கல்லறை எங்க, தாயே?”

“இந்தச் சுவரை ஒட்டித்தான். பேரு எழுதல.”

ஜெருசலேமிலிருந்து அவளுக்காகக் கொண்டுவந்த குருத்தோலையைச் சுவரோரம் வைத்தான். கல்லில் நெற்றியை முட்டி அழுதான். பிறகு ஊன்றுகோல் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பணிப்பெண் மேபல் ஓலையை எடுத்துத் திரைக்குள் நீட்டினாள்.

“கல்நெஞ்சும்மா உங்களுக்கு! ‘நான்தான் ஹவீஸ்’னு கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“இந்த அறைக்குள்ள வர்றவளுக்குச் சாவுப் பூசை பண்ணித்தானேடி வாசலை அடைச்சுக் கட்டுறாங்க? ‘அவரை உசுரோட அனுப்பு, என்னைப் பொணமா எடுத்துக்கோ’ன்னு நேந்துக்கிட்டுத்தான் உள்ள வந்தேன்.”

ஓலையை ஒரு கை வாங்கிக்கொண்டது.

“ஆண்டவர் அவரைக் குடுத்துட்டாரு, மேபல். நான் வெளிய வந்தா, திருப்பிக் கேப்பாரு.”