மாதா விளக்கின் சுவிட்ச்

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் மாதா படத்து விளக்கைப் போடுவது மூன்று வயது ஜெஸ்லினின் வேலை. அவளுக்கு எட்டும்படி சுவிட்சைத் தாழ வைத்திருந்தார்கள். காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்த பிறகும், மணி அடித்தால் விளக்கு எரிந்தது.

"லூஸ் கனெக்‌ஷன்க்கா. இவ்ளோ கீழ வைக்கக் கூடாது, சின்னப் புள்ளைங்க கை வச்சுரும்," என்று தாய் ஆனி ரோஸிடம் சொன்னார் அரியலூரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் கலைச்செல்வன். அவர் சுவிட்சை ஆளுயரத்துக்கு ஏற்றி, பழைய பள்ளத்தைச் சிமெண்டால் பூசிவிட்டுப் போனார்.

அன்று மணி அடித்தது. விளக்கு எரியவில்லை. ஆனி ரோஸ் எட்டிப் பார்த்தாள். மூலையில் கிடந்த ஜெஸ்லினின் குட்டி ஸ்டூல், புதிய சுவிட்சுக்கு நேர்கீழே இழுத்துப் போடப்பட்டிருந்தது.

கலைச்செல்வனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, சுவிட்சைப் பழைய எடத்துலயே வச்சுருங்க. ஸ்டூல் போட்டும் எட்டல."